நண்பர் கேட்டார், காவியம் பிறந்தது!

ஒரு மோதிரம். அதை விரலில் போட்டுக்கொண்டால், போட்டவர் யார் கண்ணுக்கும் தெரியமாட்டார். ஆனால் போடப் போட அவர் மனம் கெட்டுப்போகும். கடைசியில் அந்த மோதிரத்துக்கே அவர் அடிமை ஆகிவிடுவார்.

அந்த மோதிரத்தை எரிமலை நெருப்பில் எறிந்து அழிக்க வேண்டும். அரசர்களும் வீரர்களும் செய்ய அஞ்சிய அந்தக் காரியத்தைச் செய்ய, மூன்றடி உயரமே உள்ள ஒரு குள்ள மனிதன் புறப்படுகிறான். அவனுக்குத் துணை, அவன் வீட்டுத் தோட்டக்காரன்!

இதுதான் 'தி லார்டு ஆப் தி ரிங்ஸ்' என்ற மாயக்கதை. 'மோதிரங்களின் தலைவன்' என்பது அதன் பொருள். உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் விற்ற புத்தகம் இது. எழுதியவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்.

இந்தக் கதையை எழுதி முடிக்க அவருக்கு 12 ஆண்டுகள் ஆயின. அது அச்சில் வர மேலும் 5 ஆண்டுகள் ஆயின. நடுவில் பல முறை அவர் எழுதுவதை நிறுத்தினார். நிறுத்திய போதெல்லாம் விடாமல் தூண்டி எழுத வைத்தவர், அவருடைய நண்பர் சி. எஸ். லூயிஸ். அவரும் பெரிய எழுத்தாளர்.

அந்த நட்பு எப்படிப் பிறந்தது? எப்படி வாடியது? வாடிய பிறகும் அதில் என்ன மிஞ்சியது?

அனாதைச் சிறுவன்

டோல்கீன் 1892-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி, தென் ஆப்பிரிக்காவில் புளூம்பான்டைன் நகரில் பிறந்தார். தந்தை ஆர்தர் டோல்கீன், பாங்கி மானேஜர். தாய் பெயர் மேபல். ஹில்லரி என்று ஒரு தம்பி உண்டு.

அந்த ஊர் வெயில் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே 1895-ம் ஆண்டு மேபல் தன் இரு மகன்களையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்கு வந்தார். பின்னால் வருவதாக இருந்த தந்தை வரவே இல்லை. 1896-ம் ஆண்டு பிப்ரவரியில் அவர் காய்ச்சலில் இறந்துவிட்டார்.

பர்மிங்ஹாம் நகரை அடுத்த சேர்ஹோல் என்ற சிற்றூரில் மேபல் குடியேறினார். அங்கே ஓர் ஓடை, ஓடைக் கரையில் ஓர் அரவை ஆலை, சுற்றிலும் மரங்கள். பிற்காலத்தில் டோல்கீன் கதைகளில் வந்த குள்ள மனிதர்களின் ஊர், இந்த ஊரின் சாயல்தான்.

மகனுக்கு முதல் ஆசிரியை தாய்தான். லத்தீன் மொழியையும், சித்திரம் வரைவதையும், செடி கொடிகளைப் பற்றியும் அவரே சொல்லிக் கொடுத்தார்.

1900-ம் ஆண்டு மேபல் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார். இதனால் உறவினர்கள் கோபம் கொண்டு, பண உதவியை நிறுத்தினார்கள். வறுமையிலும் அவர் மனம் மாறவில்லை. 1904-ம் ஆண்டு நீரிழிவு நோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 34. நீரிழிவுக்கு மருந்தான இன்சுலின் அன்று கண்டுபிடிக்கப்படவில்லை.

டோல்கீனுக்கு அப்போது வயது 12. பிரான்சிஸ் மார்கன் என்ற பாதிரியார் அண்ணன் தம்பி இருவரையும் தம் பொறுப்பில் வளர்த்தார்.

நான்கு தோழர்கள்

தாயும் தந்தையும் இல்லாத டோல்கீனுக்கு நண்பர்களே சொந்தம் ஆனார்கள்.

பர்மிங்ஹாம் பள்ளிக்கூடத்தில் அவருக்கு மூன்று தோழர்கள். வைஸ்மேன், கில்சன், ஸ்மித் என்பது அவர்கள் பெயர். பள்ளிக்கூட நூல் நிலையத்தில் யாருக்கும் தெரியாமல் தேநீர் போட்டுக் குடிப்பார்கள். பாட்டும் கதையும் படிப்பார்கள். நால்வரும் சேர்ந்து உலகத்துக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று கனவு கண்டார்கள்.

இதற்கிடையில் டோல்கீன், எடித் என்ற பெண்ணைக் காதலித்தார். அவளும் தாய் தந்தை இல்லாதவள். அவரைவிட 3 வயது மூத்தவள். படிப்பு கெடும் என்று பாதிரியார் தடை போட்டார். 21 வயது ஆகும் வரை அவளைப் பார்க்கவோ, கடிதம் எழுதவோ கூடாது என்று உத்தரவு!

டோல்கீன் அந்தச் சொல்லைத் தட்டவில்லை. 21 வயது பிறந்த நாள் இரவில் எடித்துக்குக் கடிதம் எழுதினார். அவளுக்கோ வேறொருவருடன் திருமணம் நிச்சயமாகி இருந்தது! டோல்கீன் நேரில் போனார். பேசினார். அவள் அந்த நிச்சயத்தை முறித்தாள். 1916-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி இருவருக்கும் திருமணம் நடந்தது.

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. மணமான சில வாரங்களில் டோல்கீன் பிரான்சு நாட்டுப் போர்முனைக்குச் சென்றார்.

1916-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி, 'சோம்' என்ற இடத்தில் பெரும் போர் தொடங்கியது. அந்த முதல் நாளிலேயே கில்சன் மாண்டார். டிசம்பரில் குண்டுக் காயத்தால் ஸ்மித் மாண்டார். டோல்கீன், பேன் கடியால் பரவும் ஒருவகைக் காய்ச்சல் கண்டு இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அந்தக் காய்ச்சல்தான் அவர் உயிரைக் காத்தது என்று சொல்லலாம்.

சாவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஸ்மித் ஒரு கடிதம் எழுதியிருந்தார். தாம் செத்துப்போனால், தாம் சொல்ல நினைத்ததை எல்லாம் டோல்கீன் சொல்ல வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் டோல்கீன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். தேவர்களும், மாய மணிகளும், அழிந்த நகரங்களும் நிறைந்த ஒரு புது உலகத்தின் புராணம் அது. சாகும் வரை அதை அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

ஆக்ஸ்போர்டில் சந்திப்பு

போர் முடிந்தது. டோல்கீன் ஆங்கில அகராதி தயாரிக்கும் வேலையில் சேர்ந்தார். பிறகு லீட்ஸ் பல்கலைக் கழகத்தில் ஆசிரியர் ஆனார். 1925-ம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கில மொழிப் பேராசிரியர் ஆனார். அப்போது அவருக்கு வயது 33.

அதே ஆண்டு ஆக்ஸ்போர்டு கல்லூரி ஒன்றில் வேலைக்கு வந்தவர் லூயிஸ். அயர்லாந்தில் பெல்பாஸ்டு நகரில் 1898-ம் ஆண்டு பிறந்தவர். அவரும் 9 வயதில் தாயை இழந்தவர். அவரும் போர்முனையில் காயம்பட்டுத் திரும்பியவர்.

1926-ம் ஆண்டு மே 11-ந் தேதி, ஆசிரியர்கள் கூட்டம் ஒன்றில் இருவரும் சந்தித்தார்கள். அன்று பெரிய ஒட்டுதல் ஏற்படவில்லை. பாடத்திட்டத்தில் பழைய மொழிக்கு அதிக இடம் வேண்டும் என்பது டோல்கீன் கட்சி. இலக்கியம்தான் முக்கியம் என்பது லூயிஸ் கட்சி. தொடக்கத்தில் எதிர் எதிராகவே நின்றார்கள்.

ஆனால் இருவருக்கும் பொதுவான ஆசை ஒன்று இருந்தது. வடநாட்டுப் பழங்கதைகள் என்றால் இருவருக்கும் உயிர்! ஐஸ்லாந்து நாட்டுக் கதைகளை மூல மொழியில் படிக்க டோல்கீன் ஒரு சங்கம் வைத்தார். 'நிலக்கரி கடிப்பவர்கள்' என்று அதற்குப் பெயர். குளிருக்குப் பயந்து, கரியைக் கடிக்கும் அளவுக்கு அடுப்பை ஒட்டி உட்காருபவர்கள் என்று பொருள். அதில் லூயிசும் சேர்ந்தார்.

1929-ம் ஆண்டு இறுதியில் டோல்கீன், தாம் எழுதிய நீண்ட பாட்டு ஒன்றை லூயிசிடம் கொடுத்தார். ஒரு மனிதனுக்கும் தேவ குலப் பெண்ணுக்கும் ஏற்பட்ட காதலைப் பற்றியது அது. வெளியார் கண்ணில் காட்டாமல் வைத்திருந்த எழுத்து.

லூயிஸ் அன்று இரவே அதைப் படித்தார். மகிழ்ந்து கடிதம் எழுதினார். அதோடு விடவில்லை. அந்தப் பாட்டு பழங்காலத்து ஏடு என்றும், பல பண்டிதர்கள் அதற்கு உரை எழுதியிருக்கிறார்கள் என்றும் வேடிக்கையாகக் கற்பனை செய்தார். அந்தப் பண்டிதர்களின் வாயால் குற்றம் குறைகளைச் சொன்னார்! டோல்கீன் கோபிக்கவில்லை. சொன்ன குறைகளில் பலவற்றைத் திருத்தினார்.

விடிய விடியப் பேச்சு

டோல்கீனும் ஓர் உதவி செய்தார். லூயிஸ் இளமையில் நாத்திகர். கடவுள் உண்டு என்ற அளவுக்கு மனம் மாறியும், கிறிஸ்து மதத்தை அவரால் ஏற்க முடியவில்லை. புராணங்கள் எல்லாம் அழகான பொய்கள் என்பது அவர் எண்ணம்.

1931-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி இரவு. லூயிஸ், டோல்கீன், ஹியூகோ டைசன் என்ற இன்னொரு நண்பர் ஆகிய மூவரும் கல்லூரித் தோட்டத்துப் பாதையில் நடந்தார்கள். புராணம் பொய் அல்ல. உண்மையின் ஒரு கீற்று அதில் உண்டு என்று டோல்கீன் வாதாடினார். பேச்சு முடிந்து அவர் வீட்டுக்குப் போனபோது காலை 3 மணி!

சில நாட்களில் லூயிஸ் கிறிஸ்து மதத்துக்குத் திரும்பினார். பிற்காலத்தில் அந்த மதத்தைப் பற்றி எழுதிப் புகழ் பெற்றார். ஆனால் டோல்கீன் விரும்பியபடி அவர் கத்தோலிக்கர் ஆகவில்லை. அதில் டோல்கீனுக்குக் கொஞ்சம் மனக்குறை.

1930-களில் லூயிசின் கல்லூரி அறையில் நண்பர்கள் கூடத் தொடங்கினார்கள். வியாழக்கிழமை இரவுகளில் கூட்டம். தேநீர் வரும். புகைக் குழாய்கள் புகையும். யாராவது ஒருவர் தாம் எழுதியதைப் படிப்பார். மற்றவர்கள் கேட்டுவிட்டு, முகத்துக்கு நேரே நல்லது கெட்டதைச் சொல்வார்கள்.

இந்தக் கூட்டத்துக்கு 'இங்க்ளிங்ஸ்' என்று பெயர். மையில் புழங்குபவர்கள் என்றும், அரைகுறை எண்ணக்காரர்கள் என்றும் அதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். லூயிசின் அண்ணன் மேஜர் வாரன், டாக்டர் ஹேவர்டு முதலியோரும் வருவார்கள். சந்தா இல்லை. தலைவர் இல்லை. சட்டதிட்டம் இல்லை!

ஒரு ஷில்லிங் கூலி

டோல்கீனுக்கு நான்கு குழந்தைகள். மூன்று மகன்கள்; ஒரு மகள். பேராசிரியர் சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை. விடுமுறை நாட்களில் பரீட்சைத் தாள்களைத் திருத்திப் பணம் சம்பாதிப்பார்.

ஒருநாள் அப்படித் திருத்தும்போது, ஒரு மாணவன் ஒரு பக்கத்தை வெற்றுத்தாளாக விட்டிருந்தான். டோல்கீன் அதில், பூமிக்குள் வளையில் வாழும் 'ஹாபிட்' என்ற ஒருவனைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினார். ஹாபிட் என்றால் என்ன என்று அவருக்கே தெரியாது!

அந்த ஒரு வாக்கியம் ஒரு கதையாக வளர்ந்தது. தம் பிள்ளைகளுக்கு அதைப் படித்துக் காட்டினார். 1933-ம் ஆண்டு தொடக்கத்தில் லூயிசுக்கும் கொடுத்தார். லூயிஸ் மிகவும் ரசித்தார்.

கைப்பிரதி சிலர் கைக்கு மாறியது. லண்டனில் 'ஆலன் அண்டு அன்வின்' பிரசுரக் கம்பெனியில் வேலை பார்த்த சூசன் டாக்னல் என்ற பெண் அதை வாங்கிப் போனார். 1936-ம் ஆண்டு அது முதலாளி ஸ்டான்லி அன்வின் மேசைக்கு வந்தது.

பிள்ளைகள் புத்தகத்துக்குப் பிள்ளைகளே நீதிபதி என்பது அன்வின் கொள்கை. ஆகவே தம் மகன் ரெய்னரிடம் அதைக் கொடுத்தார். பையனுக்கு வயது 10. படித்துக் கருத்து எழுதினால் ஒரு ஷில்லிங் கூலி! கதை நன்றாக இருக்கிறது, சிறு பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று ரெய்னர் எழுதிக் கொடுத்தான். ஷில்லிங்கை வாங்கிக்கொண்டான்.

1937-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி 'ஹாபிட்' வெளிவந்தது. படங்களையும், மேலட்டைச் சித்திரத்தையும் டோல்கீனே வரைந்தார். முதலில் 1,500 பிரதிகள் அச்சிட்டார்கள். கிறிஸ்துமசுக்குள் தீர்ந்துவிட்டது. பத்திரிகைகளில் லூயிஸ் பாராட்டி மதிப்புரை எழுதினார். மறு ஆண்டு அமெரிக்காவில் வெளியாகி, 250 டாலர் பரிசும் பெற்றது.

டோல்கீனின் மூன்றாவது மகன் கிறிஸ்டபர் கதையில் மகா கெட்டி. அப்பா ஓரிடத்தில் ஒன்றும் மற்றோரிடத்தில் வேறொன்றும் எழுதினால், உடனே கண்டுபிடித்துவிடுவான். ஒரு தவறுக்கு 2 பென்ஸ் என்று மகனுக்கு இனாம் பேசினார் டோல்கீன்!

இரு நண்பர்கள், ஓர் ஒப்பந்தம்

தாங்கள் விரும்பும் மாதிரிக் கதைகளை யாரும் எழுதவில்லையே என்று லூயிசுக்குக் குறை. நாமே எழுதிவிடுவோம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். லூயிஸ் வான வெளிப் பயணக் கதை எழுதுவது. டோல்கீன் காலத்தைக் கடந்து போகும் கதை எழுதுவது என்று ஒப்பந்தம்.

லூயிஸ் சீக்கிரமே எழுதி முடித்தார். பதிப்பாளர் கிடைக்காமல் திண்டாடியபோது, டோல்கீன் அன்வினுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினார். 1938-ம் ஆண்டு லூயிசின் அந்தக் கதை வெளிவந்தது. அதன் கதாநாயகன் மொழி ஆராய்ச்சிப் பேராசிரியர்! டோல்கீன் சாயல் அதில் உண்டு.

டோல்கீனோ தம் பங்குக் கதையைப் பாதியில் விட்டுவிட்டார். அவர் சுபாவம் அது. எழுதியதையே அடித்து அடித்து எழுதுவார்.

'ஹாபிட்' விற்றதால், அதே மாதிரி இன்னொரு கதை வேண்டும் என்று அன்வின் கேட்டார். டோல்கீன் தம் பழைய புராணத்தை அனுப்பினார். அது வாசகருக்குப் புரியாது என்று பயந்து அன்வின் திருப்பி அனுப்பினார்.

1937-ம் ஆண்டு டிசம்பரில் டோல்கீன் புதுக் கதையைத் தொடங்கினார். அதுதான் மோதிரக் கதை.

நின்று நின்று நடந்த வண்டி

1939-ம் ஆண்டு இரண்டாம் உலகப் போர் மூண்டது. காகிதத்துக்குப் பஞ்சம். பழைய பரீட்சைத் தாள்களின் பின்புறத்தில் டோல்கீன் எழுதினார். பகலில் கல்லூரி வேலை. சில இரவுகளில் விமானத் தாக்குதல் காவல். வீட்டுக் கவலை வேறு. எழுத்து அடிக்கடி நின்றது.

எழுதிய அத்தியாயங்களை இங்க்ளிங்ஸ் கூட்டத்தில் படித்தார். எல்லோரும் ரசித்தார்கள் என்று சொல்ல முடியாது. டைசனுக்கு இந்தக் கதையே பிடிக்காது, அவர் முணுமுணுப்பார். ஆனால் லூயிஸ் மட்டும் அலுக்காமல் கேட்டார். சில இடங்களில் கண் கலங்கினார். அடுத்தது எங்கே, அடுத்தது எங்கே என்று துரத்தினார்.

1943-ம் ஆண்டு கதை அடியோடு நின்றுபோயிற்று. மாதக்கணக்கில் ஒரு வரி கூட நகரவில்லை. 1944-ம் ஆண்டு மார்ச்சில் லூயிஸ் அவரைப் பிடித்து நெருக்கினார். ஏப்ரலில் டோல்கீன் மறுபடியும் பேனாவை எடுத்தார். எழுத எழுத, தென் ஆப்பிரிக்காவில் விமானப் படையில் பயிற்சி பெற்ற மகன் கிறிஸ்டபருக்கும் அத்தியாயங்களை அனுப்பினார்.

கதையில் பேசும் மரமனிதன் ஒருவன் வருகிறான். கிழவன், கம்பீரமான கனத்த குரல். அந்தக் குரலை லூயிசிடமிருந்துதான் எடுத்ததாக டோல்கீன் நண்பரிடம் சொன்னதுண்டு.

1949-ம் ஆண்டு கதை முடிந்தது. சுமார் 5 லட்சம் சொற்கள்! டைப் அடிக்க ஆள் வைக்கப் பணம் இல்லை. டோல்கீனே இரண்டு விரல்களால் அடித்தார். மேசையில் இடம் இல்லாததால், கட்டிலின் மேல் டைப் மெஷினை வைத்துக்கொண்டு அடித்தார்.

முழுப் பிரதியையும் லூயிஸ் படித்தார். இத்தனை ஆண்டு உழைப்பும் வீண் அல்ல என்று அந்த அக்டோபரில் எழுதினார். அதே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு, இங்க்ளிங்ஸ் கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. அதோடு வியாழக்கிழமைக் கூட்டங்கள் நின்றுபோயின.

விரிசல்

நட்பில் எப்போது விரிசல் கண்டது?

1939-ம் ஆண்டு சார்லஸ் வில்லியம்ஸ் என்ற எழுத்தாளர் லண்டனிலிருந்து ஆக்ஸ்போர்டுக்கு வந்தார். லூயிஸ் அவரிடம் மிகவும் ஈடுபட்டார். வில்லியம்ஸை டோல்கீனுக்கும் பிடிக்கும். ஆனால் இருவர் நட்பில் மூன்றாமவர் வந்தது போல அவருக்குத் தோன்றியது. 1945-ம் ஆண்டு வில்லியம்ஸ் திடீரென்று காலமானார். பழைய நெருக்கம் திரும்பவில்லை.

பிறகு லூயிஸ் 'நார்னியா' என்ற மாய நாட்டைப் பற்றிப் பிள்ளைகள் கதை எழுதினார். 1950 முதல் 1956 வரை 7 புத்தகங்கள், ஆண்டுக்கு ஒன்று! அவை பெரும் புகழ் பெற்றன. ஆனால் டோல்கீனுக்கு நார்னியா பிடிக்கவில்லை. ரோமானியப் புராணத்து ஆட்டுக்கால் மனிதனும், கிறிஸ்துமஸ் தாத்தாவும் ஒரே கதையில் வருவதா? ஓர் உலகத்தைக் கட்ட 30 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவருக்கு, அந்த வேகமே அவசர வேலையாகத் தெரிந்தது. தம் கதையை அத்தனை ஆண்டுகள் பொறுமையாகக் கேட்ட நண்பரின் கதையை, அவரால் ரசிக்க முடியவில்லை.

1956-ம் ஆண்டு லூயிஸ், ஜாய் என்ற அமெரிக்க எழுத்தாளரைப் பதிவுத் திருமணம் செய்தார். ஜாய் விவாகரத்து ஆனவர். இந்தத் திருமணத்தை லூயிஸ் டோல்கீனிடம் சொல்லவில்லை. மற்றவர் மூலம் பின்னால் கேள்விப்பட்டபோது டோல்கீன் மனம் நொந்தார்.

பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சந்திப்பது குறைந்தது. அவ்வளவுதான்.

ஷில்லிங் வாங்கிய பையன்

மோதிரக் கதை அச்சாவதும் எளிதாக இல்லை. பழைய புராணத்தையும் சேர்த்தே அச்சிட வேண்டும் என்று டோல்கீன் பிடிவாதம் பிடித்தார். அன்வின் மறுத்தார். வேறொரு கம்பெனி ஆசை காட்டிவிட்டு, 1952-ம் ஆண்டு பின்வாங்கியது. டோல்கீனுக்கு வயது 60. கதை பெட்டியிலேயே கிடந்து மட்கிவிடுமோ என்று பயந்தார்.

அப்போது ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ரெய்னர் அன்வின். அன்று ஒரு ஷில்லிங் வாங்கிய அதே பையன்! இப்போது தந்தையின் கம்பெனியில் வேலை பார்த்தார். டோல்கீன் பிடிவாதத்தை விட்டார். ஒன்றும் வராததைவிட ஒன்று வந்தால் போதும் என்று ஒப்புக்கொண்டார்.

கணக்குப் பார்த்ததில் 1,000 பவுன் நட்டம் வரலாம் என்று தெரிந்தது. ரெய்னர் வெளிநாடு போயிருந்த தந்தைக்குத் தகவல் அனுப்பினார். இது மேதையின் படைப்பு என்று மகன் நம்பினால், 1,000 பவுன் போனாலும் போகட்டும் என்று தந்தை பதில் கொடுத்தார்!

கதையை மூன்று பாகமாகப் பிரித்தார்கள். செலவு போக, வரும் லாபத்தில் பாதி ஆசிரியருக்கு என்று ஒப்பந்தம். முதல் பாகம் 1954-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி வெளிவந்தது. விலை 21 ஷில்லிங். இரண்டாம் பாகம் அதே ஆண்டு நவம்பரிலும், மூன்றாம் பாகம் 1955-ம் ஆண்டு அக்டோபரிலும் வந்தன.

மேலட்டைக்குப் புகழுரை எழுதிக் கொடுத்தவர் லூயிஸ். பத்திரிகையில் பாராட்டி எழுதியவரும் லூயிஸ். லூயிசைப் பிடிக்காத விமர்சகர்கள், அவர் புகழ்ந்ததற்காகவே புத்தகத்தைத் தாக்குவார்கள் என்று அவரே பயந்தார். அப்படியே சிலர் தாக்கவும் செய்தார்கள். ஆனால் ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்து டோல்கீனின் சொற்பொழிவைக் கேட்ட கவிஞர் ஆடன், அமெரிக்காவில் புகழ்ந்து எழுதினார்.

நட்டம் வரவில்லை. 1956-ம் ஆண்டு டோல்கீனுக்கு வந்த முதல் செக், 3,500 பவுனுக்கும் மேல். அது அவருடைய ஓர் ஆண்டுச் சம்பளத்தைவிட அதிகம்!

1965-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு கம்பெனி, அனுமதி கேட்காமலே மலிவுப் பதிப்புப் போட்டது. தமக்குக் கடிதம் எழுதிய அமெரிக்க வாசகர்களுக்கு எல்லாம் டோல்கீன் இந்த விஷயத்தைத் தெரிவித்தார். வாசகர்கள் கொதித்தார்கள். கடைசியில் அந்தக் கம்பெனி பணம் கொடுத்துச் சமாதானம் ஆயிற்று. இந்தத் தகராறே நல்ல விளம்பரமாகவும் ஆகி, அமெரிக்க மாணவர்கள் எல்லோர் கையிலும் மோதிரக் கதை வந்தது.

மறைவில் செய்த உதவிகள்

நட்பு ஆறிப்போன காலத்திலும் இருவரும் ஒருவரை ஒருவர் கைவிடவில்லை.

லூயிஸ் ஆக்ஸ்போர்டில் 29 ஆண்டுகள் வேலை பார்த்தும் பேராசிரியர் பதவி கிட்டவில்லை. 1954-ம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. ஆனால் வீட்டையும் அண்ணனையும் விட்டு வர முடியாது என்று லூயிஸ் இரண்டு முறை மறுத்துவிட்டார். தேர்வுக் குழுவில் இருந்த டோல்கீன் நேரில் போய்ப் பேசினார். ஆக்ஸ்போர்டு வீட்டை விட வேண்டியதில்லை என்று விளக்கி, அவரைச் சம்மதிக்க வைத்தார்.

லூயிஸ் செய்தது இன்னும் பெரிது. 1961-ம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசுக்கு அவர் டோல்கீன் பெயரைச் சிபாரிசு செய்தார். கதை சொன்ன விதம் உயர்ந்த தரமாக இல்லை என்று சுவீடன் நாட்டுக் குழு அதைத் தள்ளிவிட்டது. நோபல் பரிசுத் தாள்களை 50 ஆண்டுகள் பூட்டி வைப்பது வழக்கம். 2012-ம் ஆண்டில்தான் இந்தச் செய்தி உலகத்துக்குத் தெரிந்தது. அப்போது இருவருமே உயிரோடு இல்லை.

கடைசிக் காலம்

1960-ம் ஆண்டு லூயிசின் மனைவி ஜாய் புற்று நோயால் இறந்தார். 1963-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி லூயிசும் காலமானார். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டதும் அதே நாள். உலகமே கென்னடிக்காக அழுததால், லூயிஸ் மறைவு பலருக்குத் தெரியவில்லை.

டோல்கீன் நண்பரின் சவ அடக்கத்துக்குப் போனார். மற்ற நண்பர்கள் இறந்தது கிழ மரத்தின் இலை உதிர்வது போல என்றால், இது வேரில் விழுந்த கோடரி என்று மகளுக்கு வருந்தி எழுதினார்.

எடித் 1971-ம் ஆண்டு காலமானார். டோல்கீன் 1973-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி, 81-வது வயதில் காலமானார். ஆக்ஸ்போர்டில் கணவனும் மனைவியும் ஒரே கல்லறையில் இருக்கிறார்கள். லூயிஸ் முதன் முதலில் படித்த பாட்டில் வரும் காதலன், காதலியின் பெயர்கள் அந்தக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

ஆஸ்பத்திரியில் தொடங்கிய பழைய புராணத்தை மகன் கிறிஸ்டபர் தொகுத்து 1977-ம் ஆண்டு வெளியிட்டார். மோதிரக் கதை 2001 முதல் 2003 வரை மூன்று சினிமாப் படங்களாக வந்தது. மூன்றாவது படம் 11 ஆஸ்கார் பரிசுகள் பெற்றது.

லூயிஸ் இறந்து சில ஆண்டுகளுக்குப் பின், டோல்கீன் ஒரு வாசகருக்குக் கடிதம் எழுதினார். லூயிசிடமிருந்து கதையையோ, கருத்தையோ தாம் கடன் வாங்கவில்லை என்று அதில் சொன்னார். வாங்கியது வேறொன்று, சலிக்காமல் கொடுத்த ஊக்கம். நெடுங்காலம் தம் கதையைக் கேட்க அவர் ஒருவரே இருந்தார் என்றும், அவர் விடாமல் அடுத்த அத்தியாயத்தைக் கேட்டிராவிட்டால் மோதிரக் கதை முடிந்தே இராது என்றும் எழுதினார். அந்தக் கடனைத் தீர்க்க முடியாது என்பதும் அவர் ஒப்புக்கொண்டதுதான்.